பத்து மணித் தேத்தண்ணி

நான் மருந்தாளர் படிப்பில் இரண்டாம் வருடம் இருந்தேன். மருத்துவம், தாதியியல், இயன்மருத்துவம் படித்தவர்களையும் எங்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, உலக சுகாதாரம் என்று ஒரு பாடம் நடத்தினார்கள். ஒரு நோயாளி, நான்கு துறை, ஒரே முடிவு. அதில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வகுப்பில் நோயாளியாக நடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

"நீர்தானே தேயிலைத் தோட்டத்துப் பெடியன், நீர் செய்யும்," என்றார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மருத்துவ மாணவர்.

செய்தேன். சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக் குந்தினேன். "குளிச போட மறந்துட்டேனுங்க தொர," என்று எங்கம்மாவின் குரலில் இழுத்தேன். விரிவுரையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தத் தவணை முழுவதும் நான்தான் நோயாளி. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து முதலில் படிக்கப் போனவன் நான். அந்த மேசையில் ஓர் இடம் கிடைத்ததே பெரிதாக இருந்தது.

கடைசி நாள் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, இரத்தம் குறைந்து, கொழுந்து எடுக்கும்போது இரண்டு தடவை மலையில் விழுந்திருந்தாள்.

"இரும்புக் குளிசை போட மறந்திடுவியளோ?" என்று மருத்துவ மாணவர் கேட்டார்.

"ஒருநாளும் மறந்ததில்லீங்க. காலையில பேர் பதியிற பெரட்டுக்குப் போக முந்தி, தேத்தண்ணியிலதான் முழுங்குவேன்."

எனக்குக் காரணம் பிடிபட்டது. தேயிலைச் சாயம் அந்த மாத்திரையின் இரும்பை உடம்பில் சேரவிடாது. வெறும் தண்ணீரில் விழுங்கச் சொன்னால் போதும்.

"தேத்தண்ணியில போடுறாங்களே, அதுதான்..." என்று தொடங்கினேன்.

"நோயாளி குறுக்கால கதைக்கப்படாது!" என்றார் மருத்துவ மாணவர். எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று தெரியாமல் அவளும் சிரித்தாள். அவர் என் பக்கம் குனிந்தார். "மறக்கேல்லை எண்டுதான் அவையள் சொல்லுவினம். நீர்தானே எங்களுக்குச் செய்து காட்டினனீர்?"

முடிவை எழுதினார்கள். காரணம்: மறதி. இனிமேல் வேலைக்கு நடுவில் வரும் பத்து மணித் தேத்தண்ணியோடு, கங்காணி பார்க்க விழுங்க வேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் குழுவுக்குப் புள்ளி இல்லை. தாள் என்னிடம் வந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் முதல் தடவையாக 'மருந்தாளர்' என்று இருந்தது. போட்டேன்.

அவள் வாசல்வரை வந்தாள். "நம்ம தோட்டத்துப் புள்ள ஒண்ணு கூட இருக்குன்னுதான் தைரியமாப் பேசினேன். எனக்காக எடுத்துச் சொன்னீங்களா தம்பி?"

"சொல்லியிருக்கேங்க," என்றேன். "மறக்காமப் போடுங்க."