அத்தை கையில தாலித் தட்டு

அந்தக் கன்னியாஸ்திரி சிஸ்டர் என் தோள் உயரம்தான் இருப்பாங்க. ஆனா அவங்களை அண்ணாந்து பார்த்த மாதிரிதான் எனக்கு ஞாபகம். எழுபதுகளோட கடைசியில வெளிநாட்டுல இறையியல் படிச்சுட்டு எங்க திருவண்ணாமலைக்கு வந்தாங்க. செங்கம் ரோட்டுல ரெண்டு ரூம் வாடகைக்கு எடுத்துத் தங்கி, வேதத்துல வர்ற பொம்பளைங்களைப் பத்திப் புத்தகம் எழுதினாங்க. நடுநடுவுல பஸ் ஏறிப் போய், பாதிரிச் சாமியாருக்குப் படிக்கிற பசங்களுக்குப் பாடம் நடத்திட்டு வருவாங்க. சாமியாராகப் போறவங்களுக்கு ஒரு பொம்பள பாடமான்னு எனக்குத் தலையே சுத்துச்சு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பொம்பளப் புள்ளைங்க எங்களை மாதா கோயிலுக்குப் பின்னால வேப்பமரத்தடியில உட்கார வைப்பாங்க. பிரசங்கம் கிடையாது, கேள்விதான்.

"ஏசு உயிர்த்த அன்னைக்கு விடிகாலையில கல்லறைக்குப் போனது யாருங்க?"

"பொம்பளைங்க சிஸ்டர்."

"ஆம்பளைங்க எங்க இருந்தாங்க?"

"பயந்துக்கிட்டு உள்ள தாப்பா போட்டுட்டு இருந்தாங்க"ன்னு நான் சொல்லவும் ஒரே சிரிப்பு. பால்குடி மறந்த நாள்லேர்ந்து கேட்ட கதைதான். அதுக்குள்ள நாங்களும் இருக்கோம்னு அதுவரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்ல. இந்தம்மா குடும்பத்தையெல்லாம் கலைச்சுடும்னு கோயில் பெரிய மனுஷங்க சிலபேர் முணுமுணுத்தாங்க. முணுமுணுக்கட்டும், அவங்க வாய், அவங்க பாடு.

எண்பதுகள்ல எனக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே எங்கப்பா போய்ச் சேர்ந்துட்டாரு. அம்மாதான் தையல் மிஷினை மிதிச்சு மிதிச்சு என்னை ஆளாக்கினாங்க. எங்க சொந்தக்காரங்க வீடுகள்ல ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி தாலியை ஒரு தட்டுல வெச்சு வீட்டுக்குள்ள சுத்தி எடுத்துட்டு வருவாங்க. சுமங்கலிங்க தொட்டு ஆசீர்வாதம் பண்ணுவாங்க. அப்புறம்தான் சாமியார் மந்திரிக்கிறதெல்லாம். தாலியறுத்தவ அதைத் தொடக்கூடாது.

"எங்கம்மா தொடாத தாலி எனக்கு வேணாம்"னு ஒத்தக் கால்ல நின்னேன்.

"நல்ல நாளும் அதுவுமா வாயை மூடுடி"ன்னாங்க அம்மா. கல்யாணத்தன்னைக்குக் காலையில தட்டு கிளம்பினதும், யாரும் சொல்லாமலே எழுந்து அடுப்படிக்குப் போயிட்டாங்க.

தட்டை ஏந்தினது எங்கத்தை, அப்பாவோட அக்கா. நேரா, கல்யாணத்துக்கு வந்திருந்த சிஸ்டர்கிட்டதான் போனாங்க. "நீங்க கர்த்தருக்கே வாக்கப்பட்டவங்க, நித்திய சுமங்கலி. நீங்கதான் முதல்ல தொடணும்."

சிஸ்டர் கையை நீட்டல. "எனக்கு வாக்கப்பட்டவரைச் சிலுவையில அடிச்சுக் கொன்னுட்டாங்களேங்க. அப்ப நானும் தாலியறுத்தவதானே?"

எங்கத்தை லேசுப்பட்டவங்களா என்ன. "அவருதான் மூணாம் நாளே உயிர்த்துட்டாரே சிஸ்டர்."

"ஆமாங்க. செத்தவங்க எல்லாரும் உயிர்த்தெழுவாங்கன்னு பூசையில வாராவாரம் சொல்றோமே, அது நெஜந்தானே?"

"பின்ன, பொய்யா சொல்றோம்?"

"அப்ப உங்க தம்பி மட்டும் எப்படிங்க ஒரேயடியா செத்துப் போனாரு?"

சிஸ்டர் குரலை ஒசத்தல, யாரையும் திட்டல. நாங்க மனப்பாடமா ஒப்பிச்சிட்டிருந்ததை எடுத்து எங்க முன்னாடியே வெச்சாங்க, அவ்வளவுதான். வேப்பமரத்தடியில கேட்டதுக்கெல்லாம் இவ்வளவு பலமான்னு பிரமிச்சுப் போனேன். இத்தனை வருஷம் கழிச்சு எழுதும்போதும் அந்தப் பிரமிப்பு கொஞ்சங்கூடக் கம்மியாகல.

எங்கப்பாவைத் தூக்கி வளர்த்தவங்க அத்தை. கண்ணு கலங்கிடுச்சு. யாரையும் பார்க்காம நேரா அடுப்படிக்குப் போனாங்க. நானும் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடினேன்.

"தொடு"ன்னாங்க அத்தை.

அம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாங்க. ஈரக் கையை முந்தானையில துடைச்சுட்டு, தாலியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அத்தை தட்டோட திரும்பினாங்க.

"இருங்க அண்ணி"ன்னு சொல்லி, அம்மா இன்னொரு வாட்டி தொட்டாங்க.

"எதுக்கு ரெண்டு வாட்டி?"

"இது உங்க தம்பிக்கு."