முப்பத்தேழரைச் சுற்றில் ஓடிய அமெரிக்கப் பாட்டு

1. கருகி வந்த பெட்டி

கோழித்தொரையின் ரெக்கார்டு பிளேயர் எங்கள் கடை மேஜைக்கு வந்தபோது, கருகிய வார்னிஷ் வாசனை இன்னும் அதை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவில் நூற்றுப் பத்து வோல்ட்டுக்குச் செய்த பெட்டி. அதை அவர் வந்து சேர்ந்த அன்றே நம் இருநூற்று முப்பதில் செருகிவிட்டார். பாட்டுக்குப் பதில் புகைதான் வந்ததாம்.

அவர் பெயர் டேவிட். தாடிக்கொம்பு பக்கத்துக் கிராமங்களில் முட்டைக்கோழி வளர்ப்பதைச் சொல்லிக்கொடுக்க வந்த இளைஞர். அதனால் ஊரில் கோழித்தொரை. நான் அப்போது, அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காதர் பாயின் சவுண்ட் சர்வீஸ் கடையில் ரிப்பேர் பார்த்துவந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான். எங்களிடம் இருந்த பிளேயர் நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று ஓடுகிற அரக்கு ரெக்கார்டு மட்டும் போடும். கை தவறினால் அப்பளமாக நொறுங்குகிற ரெக்கார்டுகள் அவை.

டேவிட் வைத்திருந்தவை சின்ன நாற்பத்தைந்து சுற்று ரெக்கார்டுகள். காதர் பாய் ஒன்றை வாங்கி வளைத்துப் பார்த்தார்.

"வளையுது, உடைய மாட்டேங்குதே! நடுவுல ஓட்டை இம்புட்டுப் பெருசு. வடை தட்டுறவன் போட்டுருப்பானோ?"

"டெஸ்ட் பண்ண எல்லாத்தையும் போட்டுப் பாருங்க பாய்," என்று சொல்லி டேவிட் ரெக்கார்டுப் பெட்டியையும் விட்டுவிட்டுக் கோழிகளிடம் போய்விட்டார்.

பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவரிடம் கொடுத்து, பிளேயர் மோட்டாரை நம் வோல்ட்டுக்குச் சுற்றி வாங்கினேன். மற்ற பகுதிக்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்தேன். ரெக்கார்டு சுற்றியது, பாட்டு வந்தது. பானைக்குள் வாயை வைத்துப் பேசுவது போன்ற குரல். தேர் நகர்வது போன்ற நடை.

காதர் பாய் கண்ணை மூடிக் கேட்டார். "அவுங்க ஆளுங்க ஆறடி இருக்காங்க. குரலும் அப்படித்தான் வரும்."

அது நியாயமாகவே பட்டது. இரண்டு பேரும் அதற்கு முன் அமெரிக்கப் பாட்டு எதையும் கேட்டதில்லை.

2. வெங்காய மண்டி வீட்டுக் கல்யாணம்

அந்த வாரமே பேண்டு செட் ஆரோக்கியம் மாஸ்டர் கடைக்கு வந்தார். கிளாரினெட் வாசிப்பவர். ஒரு காலத்தில் அவர் செட்டில் பதினான்கு பேர். எங்கள் குழாய் ஸ்பீக்கர் வந்தபின் ஏழு பேர். அதை அவர் எங்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்; சொல்லிவிட்டு எங்கள் டீயையே குடிப்பார்.

கூடவே வெங்காய மண்டி சவரிமுத்து வந்திருந்தார். கனத்த உடம்பு. அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சரக்குக் கப்பலில் வேலை.

"மாதா கோயில்ல பூசை முடிஞ்சு வீட்டுக்கு வாரப்ப அமெரிக்கப் பாட்டு வாசிக்கணுமாம். மாப்பிள்ளை ஆசைப்படுறாரு," என்றார் சவரிமுத்து. "ஆரோக்கியம், ஒனக்கு ஏலும்னா நீ. ஏலாதுன்னா மதுரையில இருந்து அக்கார்டியன் வச்ச செட்டு வரும். எங்க அப்பா கல்யாணத்துக்கு ஒங்க அப்பா வாசிச்சாருங்கிறதுக்காகத்தான் ஒங்கிட்ட மொதல்ல கேக்குறேன்."

"ஏலும் மொதலாளி," என்றார் ஆரோக்கியம். அவருக்கு ஒரு அமெரிக்கப் பாட்டும் தெரியாது.

சவரிமுத்து போனதும் ஆரோக்கியம் என் பக்கம் திரும்பினார். "அப்பு, இந்த வீட்டை விட்டேன்னா மண்டித் தெரு மொத்தமும் மதுரைக்காரன் பின்னால போயிரும். ஏழு பேர் நாலாகி, நாலு பேர் நானும் டிரம்முமா ஆயிருவோம். அந்தக் கோழிக்காரர் ரெக்கார்டு ஒண்ணு போடு."

ரெக்கார்டுகளில் மிகவும் தேய்ந்திருந்த ஒன்றை எடுத்தேன். தேய்ந்ததுதான் அதிகம் கேட்கப்பட்டது என்பது எங்கள் தொழில் கணக்கு. செட் ஆட்கள் தினமும் மாலையில் கடையின் பின்கட்டில் கூடி அதைக் கேட்டு வாசித்துப் பழகினார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் பாட்டு அட்சர சுத்தமாக வந்துவிட்டது. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

3. "இது அவன் தாத்தா"

அன்று மாலை டேவிட் பிளேயரை வாங்க வந்தார். பின்கட்டில் ஏழு பேரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார்.

"யார் செத்துட்டாங்க?"

ஆரோக்கியம் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். "ஏன் தொரை, இது ஒங்க ஊர்ப் பாட்டுத்தான?"

நான் ரெக்கார்டைப் போட்டேன். டேவிட் சிறிது நேரம் கேட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பாடினவன் இருபது வயசுப் பையன். இது அவன் இல்ல. இது அவன் தாத்தா!"

நான் சுழலும் தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நாற்பத்தைந்து சுற்ற வேண்டிய தட்டு நிமிஷத்துக்கு முப்பத்தேழரைதான் சுற்றியது. பெட்டியின் பின்தகட்டைப் பார்த்தேன். அறுபது சைக்கிள் என்று இருந்தது, அதாவது கரண்ட் நொடிக்கு அறுபது தடவை முன்னும் பின்னும் போய்வரும். நம் கரண்ட் ஐம்பது. வோல்ட்டைச் சரிசெய்தால் மோட்டார் கருகாது. ஆனால் அதன் வேகம் சைக்கிளைப் பொறுத்தது. ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, குரலும் இறங்கியிருந்தது.

தட்டை உருட்டுகிற மோட்டார் தண்டின் பருமனை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும். சைக்கிள் கடைக்குப் போய், டயர் வால்வுக்குப் போடுகிற ரப்பர் டியூபில் ஒரு துண்டு வாங்கி வந்து, தண்டில் பஞ்சர் சொல்யூஷன் தடவி இழுத்து மாட்டினேன். அது காயும் வரை டேவிட் அவர் ஊர்க் கதையைச் சொன்னார்.

அவர் அப்பாவும் பேண்டுக்காரராம். டிராம்போன். பதினாறு பேர் கொண்ட செட், பெரிய நடன மண்டபங்கள். யுத்தம் முடிந்ததும் ஜனங்கள் கல்யாணம் செய்து, ஊருக்கு வெளியே வீடு கட்டி, டெலிவிஷன் வாங்கி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பதினாறு பேருக்குச் சோறு போட்டுப் பஸ்ஸில் ஊர் ஊராகக் கூட்டிப்போகக் கட்டுப்படியாகவில்லை. இன்னொரு பக்கம், தெற்கே பருத்திக் காட்டில் வேலை பார்த்த கறுப்பு ஜனங்கள் வடக்கே ஆலை ஊர்களுக்குப் பிழைக்கப் போனார்கள். சாராயக்கடை இரைச்சலில் கிட்டார் காதில் விழவில்லை என்று அதை ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார்கள். நாலு பேர் பதினாறு பேர் சத்தம் போட்டார்கள்.

"அந்தப் பாட்டை வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வாங்கிக் கேட்டாங்க. சின்ன ரெக்கார்டு, விலை கம்மி. அப்புறம் பாக்கெட் ரேடியோ வந்துச்சு. அப்பா ஹால்ல ஒரு பாட்டுக் கேப்பார், நான் போர்வைக்குள்ள வேற பாட்டுக் கேப்பேன். ஆனா சில ஊர்ல பாடினவரும் கேக்கிறவரும் ஒரே ஓட்டல்ல சாப்பிட முடியாது."

"பாட்டு உள்ள போகும், பாடுறவன் வெளிய நிப்பான்," என்றார் ஆரோக்கியம். "நாங்களும் எத்தனையோ வீட்டு வாசல்ல நின்னு வாசிச்சவங்கதான். அது சரி, ஒங்க அப்பா இப்ப என்ன பண்றாரு?"

"கார் விக்கிறார்."

ஆரோக்கியம் தன் ஆட்களைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீகளாப்பா? நமக்கு விக்கக் காரும் இல்ல."

டியூப் காய்ந்தது. ரெக்கார்டைப் போட்டேன். பாட்டு ஆட்டுக்குட்டி போலத் துள்ளி ஓடியது. காதர் பாய் "அரே!" என்று எழுந்தே நின்றுவிட்டார். செட் ஆட்கள் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வேகத்தில் ஒரு தடவை வாசித்துப் பார்த்தார்கள். நாலாவது அடியில் கிளாரினெட் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம் போனது.

"இந்தப் பாட்டு தெரியாத கப்பல்காரர் இருக்க மாட்டார்," என்றார் டேவிட் கவலையோடு.

"மதுரைக்கே சொல்லி விட்டுரலாமா மாஸ்டர்?" என்று டிரம் அடிப்பவர் கேட்டார்.

ஆரோக்கியம் கிளாரினெட்டைத் துடைத்தார். பிறகு என்னிடம், "அப்பு, கோயில்ல இருந்து மண்டி வீட்டுக்கு எம்புட்டு தூரம்?" என்றார்.

"அரை மைல் இருக்கும்."

"போதும். நமக்குக் கைக்கு வந்தது மெது நடை. கோயில் வாசல்ல அதுலயே ஆரம்பிப்போம். பாட்டோட ஒவ்வொரு சுத்துக்கும் டிரம் வேகத்தை ஒரு நூல் ஏத்தட்டும். நம்ம சுதி நம்மளோடயே இருக்கட்டும். வெரலு தானா பழகிக்கிட்டே வரும். மண்டி வீட்டு வாசலுக்குப் போறப்ப அமெரிக்கா வந்துரும்ல?"

4. அரை மைல்

மறுநாள் காலை மைக் செட் கட்ட நானும் போயிருந்தேன். டேவிட் வேட்டி கட்டி, அதன் மேல் பெல்ட் போட்டு வந்திருந்தார். பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்ததும் செட் தொடங்கியது. பெண்ணின் அம்மா அழுதுகொண்டே நடந்தார். மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கி செட்டையே பார்த்தார். சவரிமுத்து மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்தார். நான் ஆரோக்கியத்தின் விரலைப் பார்த்தேன்.

முதல் தெரு முடியும் வரை ஒன்றும் தெரியவில்லை. பெரிய கடைவீதி திரும்பியதும் ஊர்வலத்தின் நடை தானாக மாறியிருந்தது. மாப்பிள்ளையின் புருவம் ஏறியது. அடையாளம் தெரிந்துவிட்டது! கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். பெண் முக்காட்டுக்குள் சிரித்தாள். டிரம் இன்னும் ஒரு நூல் ஏறியது. பட்டுப்புடவைக்காரர்கள் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். டேவிட்டின் பெல்ட் அதன் வேலையைச் செய்தது. கடைசித் திருப்பத்தில் மொத்த ஊர்வலமும் ஓடியது.

"ஏலே ஆரோக்கியம், நிப்பாட்டுடா! மண்டிக்கு லாரி பிடிக்கவா போறோம்?" என்று மூச்சிரைக்கக் கத்தினார் சவரிமுத்து. ஆரோக்கியத்தால் பதில் சொல்ல முடியாது, வாயில் கிளாரினெட். வீட்டு வாசலில், ரெக்கார்டின் வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே, பாட்டு முடிந்தது.

மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆரோக்கியத்திடம் வந்தார்.

"பாட்டு பிரமாதம் மாஸ்டர். ஆனா ஏன் அவ்வளவு மெதுவா ஆரம்பிச்சீங்க?"

"பொண்ணப் பெத்தவுக அழுதுக்கிட்டு வந்தாகள்ல தம்பி," என்றார் ஆரோக்கியம். "அவுகளுக்கும் கொஞ்சம் வாசிக்கணும்ல. எடுத்ததும் குதிச்சா நல்லாவா இருக்கும்?"

பக்கத்தில் நின்ற பெண்ணின் அம்மா திரும்பித் தன் கணவரிடம் சொன்னார். "சின்னவ கல்யாணத்துக்கும் இவுகளையே சொல்லிருங்க. மதுரையெல்லாம் வேணாம்."

சவரிமுத்துவுக்கு இன்னும் மூச்சு திரும்பவில்லை. கையை மட்டும் ஆட்டிச் சம்மதித்தார். அந்த வருஷம் மண்டித் தெருவில் நான்கு கல்யாணத்துக்கு ஆரோக்கியத்தின் செட்தான். 'ஓட்டப் பாட்டு' வேண்டும் என்று கேட்டே கூப்பிட்டார்கள். ஏழு பேர் எட்டானார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வெளிநாட்டுப் பெட்டி வந்தால் வோல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், சைக்கிளையும் பாருங்கள். ரிப்பேர் முடிந்ததும் சொந்தக்காரரை உட்காரவைத்து ஒரு பாட்டு முழுவதும் கேட்கச் சொல்லுங்கள். அது எப்படிப் பாட வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் வருவதற்குள் யாராவது அதைக் கேட்டு வேறு மாதிரிப் பழகியிருந்தால், பெட்டியைச் சரிசெய்யுங்கள். அவர்கள் பழகியதைக் கலைக்க அவசரப்படாதீர்கள்.