மேல்வயிறு

என் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் மானாம்பதியில் ஆட்டுக்கறி போடுவார். ஈரலில் சில சமயம் கண்ணாடிக் குண்டுபோலத் தண்ணீர்க் கட்டி இருக்கும். அதை மட்டும் அறுத்து நாய்க்கு எறிந்துவிடுவார். கெட்டதை விற்காத மனிதர் என்று ஊரில் நல்ல பெயர்.

நாய் அத்தையுடையது. கட்டிக்கொண்டு வந்து பல வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. சோற்றைப் பிசைந்து நாய்க்குக் கையாலேயே ஊட்டுவாள். அது அவள் முகத்தை நக்கும். அதே கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எனக்கும் ஊட்டுவாள்.

மூன்றாம் வகுப்பு முடிந்த லீவில் நான் அங்கே போயிருந்தபோது அத்தைக்கு வயிறு தள்ளியிருந்தது. மாமாவுக்கு வாலாஜாபாத் பக்கம் வேறு பெண் தேடிக்கொண்டிருந்த பெரியம்மா, அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பை மாங்காயோடு வந்து இறங்கினாள்.

“முழுவாம கீறா. மேல்வயிறுதான் ஏறிக்கினு கீது, பாரு. ஆம்பளப் புள்ளதான்” என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “இல்ல பெரிம்மா, அத்த தெனம் பம்புசெட்ல முழுவுதே!”

பார்க்க வந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பில் நான் அத்தையின் புடவைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன். அத்தையும் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு வலி வந்தது. கண் மஞ்சளானது. காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனார்கள். அத்தையின் கையை விடமாட்டேன் என்று நானும் பஸ் ஏறிவிட்டேன்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பெரிய வட்டத்துக்குள் சின்னச் சின்ன வட்டங்கள். பிறகு, “வீட்ல நாய் இருக்கா?” என்றார்.

“இன்னா சார், புள்ளயப் பாருன்னு இட்டாந்தா நாய விசாரிக்கிறீங்க?” என்றாள் பெரியம்மா.

டாக்டர் மாமாவின் தொழிலைக் கேட்டார். ஆட்டு ஈரலில் தண்ணீர்க் கட்டி பார்த்ததுண்டா என்றும் கேட்டார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நெறைய பாத்துக்கீறேன் சார். ஆனா விக்க மாட்டேன். அத அறுத்து நாய்க்குப் போட்ருவேன்.”

“அதேதான்” என்றார் டாக்டர்.

கட்டிக்குள் இருப்பது புழுக்குஞ்சுகள். தின்ற நாயின் குடலில் அவை வளரும். முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து புல்லில் விழுந்தால் ஆட்டுக்குப் போகும். நாயின் மயிரில் ஒட்டினால் தடவும் கை வழியாக மனிதர் வயிற்றுக்குப் போகும். ஈரல்தான் அவற்றுக்கு வீடு. இதையெல்லாம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மாமா தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். ரத்தச் சோதனையிலும் அதுவே உறுதியாயிற்று.

“பயப்படாதீங்க, புற்றுநோய் இல்ல. ஆபரேஷன்ல எடுத்துடலாம். மாத்திரையும் இருக்கு” என்றார் டாக்டர். மாமா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பெரியம்மா மாமாவையே பார்த்தாள்.

அத்தை மட்டும் மெதுவாகக் கேட்டாள். “நல்லா பாத்தீங்களா சார்? அந்தக் கட்டியத் தவிர வேற ஒண்ணுமே இல்லியா?”

“வேற ஒண்ணுமே இல்லம்மா” என்றார் டாக்டர் சந்தோஷமாக.

அத்தை என் கையை இறுக்கினாள். ஒன்றும் இல்லாததற்கு யாராவது அழுவார்களா என்று நான் அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.