இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ்

இன்று காலை எங்கள் தெருக் காப்பிக் கடையில் நின்றிருந்தேன்.

மேகமலை எஸ்டேட்டில் கூலி வேலை பார்க்கும் சின்னான் பஸ் ஏற வந்தான். பிறவியிலேயே உள்பக்கம் மடங்கிய அவன் வலது பாதத்துக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் பூட்ஸ் செய்து கொடுத்திருக்கிறார்கள். கனமான அடித்தோல், முழங்கால் வரை இரும்புக் கம்பி.

அவன் சாதி ஆட்கள் எங்கள் தெருவில் செருப்போடு நடக்கக் கூடாது.

"ஏலே, செருப்பைக் கழட்டிக் கையில எடு" என்றார் கடைக்காரர்.

"இது செருப்பு இல்ல சாமி. இது இல்லாட்டி கால் நிக்காது. வெள்ளைக்கார டாக்டரம்மா மாட்டிவிட்டாக."

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "தோல்ல செஞ்சதுதான? அப்பச் செருப்புத்தான்."

சுற்றி நின்றவர்கள் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

சின்னான் மண்ணில் உட்கார்ந்து வார்களை அவிழ்த்தான். பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே தெருமுனை வரை நகர்ந்து போனான். அங்கே மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்து நடந்தான். நொண்டவே இல்லை.

வழக்கம் கெடவில்லை என்ற நிம்மதியில் கடைக்காரர் காப்பி ஆற்றினார்.

அந்த மனிதன் நிமிர்ந்து நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் தெருவைத் தாண்டிப் போக வேண்டும். உங்கள் தெருவில் பார்க்க முடியுமா?