உறை அக்காவின் மதிப்பெண்

கையை வாங்கியதும் உறை அக்கா முதலில் அதற்குள் மூக்கை விட்டு மோந்து பார்ப்பாள். முழங்கைப் பக்கம் திறந்திருக்கும் பொந்துக்குள் பாதி முகம் மறைந்துவிடும். வெளியே வரும்போது தீர்ப்பு தயாராக இருக்கும்.

"உறையைத் துவைச்சு எத்தனை நாள் ஆச்சு?"

"ரெண்டு நாள்தான் அக்கா."

"நாலு. அதுல ஒரு நாள் மழையில வேற நனைஞ்சிருக்கு. சட்டையைத் தூக்குங்க, தோலைப் பார்ப்போம்."

மருத்துவமனையின் பின்கட்டில், துணி வெளுக்கும் இடத்துக்கும் ஆம்புலன்ஸ் கொட்டகைக்கும் நடுவே இரண்டு அறைகள். ஒன்றில் கால்கள், ஒன்றில் கைகள். கைகளின் அறை அவளுடையது. இருபத்திரண்டு வருடமாகச் செயற்கைக் கை செய்து, மாட்டி, உரசும் இடத்தைச் சுரண்டி, அறுந்த பட்டையைத் தைத்து வருகிறாள். கைக்கும் தோலுக்கும் நடுவே பருத்தி உறை போடாதவர்களை அவள் விட்டுவைப்பதில்லை. அதனால்தான் அந்தப் பெயர். நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. அங்கிருந்து வெளியே வந்ததில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம். கேள்வியைக் கையிடம்தான் கேட்பாள். "எங்கடா இடிக்குது? கட்டை விரல் ஏன்டா மூடமாட்டேங்குது?" பதிலைக் கையின் சொந்தக்காரர் சொல்வார். மனிதர்களை நீங்க, வாங்க என்பாள். கைகள் எல்லாம் அவளுக்கு டா.

சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. ஒன்றிலிருந்து பத்து வரை வட்ட முகங்கள். ஒன்று வாய் கொள்ளாமல் சிரிக்கிறது. பத்தில் கண்ணீர் தெறிக்கிறது. கையை மாட்டிவிட்டதும் "நம்பர் சொல்லுங்க" என்பாள். ஒன்று என்றால் வலியே இல்லை, வீட்டுக்குப் போகலாம். நாலு என்றால் சுரண்ட வேண்டும். பத்து என்று யாராவது சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது, பட்டையை அறுத்தாவது அந்த நிமிடமே கையைக் கழற்றிவிடுவாள். ஒருமுறை கை மாட்டிக்கொண்டு நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒருவர் யாருக்கோ போனில் "பத்து, பத்து" என்று சொல்ல, பின்னாலேயே ஓடிப் பட்டையின் பக்கிளில் கைவைத்துவிட்டாள். அவர் பத்து மணிக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த அறைக்குள் மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதை வந்தது ஒரு வெல்டரால். அவருக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அந்தக் கதைகளை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், தாளை இடது கையால் புரட்டுவதுதான் வசதி. "என்னை மாதிரி ஆளுக்குன்னே தச்ச புத்தகம் அக்கா" என்று முதல் தொகுதியைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். 'மின்நகரம் பதினேழு' என்று பெயர். எல்லாருக்கும் பாதி உடம்பு இரும்பாக இருக்கும் காலம். நாயகனின் கையிலிருந்து நெருப்பு வரும், கயிறு வரும், ஒருமுறை சின்ன ஹெலிகாப்டர் வந்தது. உறை அக்கா ஒன்பது தொகுதிகளைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இவன் இதை எப்பத்தான் கழட்டுவான்?"

கழற்றவே இல்லை. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கை இருந்தது. "புண்ணு வந்திருக்கும். படத்துல காட்டமாட்டாங்க" என்று தொகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இந்த வருடம் அதே நகரத்தை வைத்து ஒரு கிளைக்கதை தொடங்கியது. 'மூன்றாம் மாடிப் பட்டறை'. இதில் நாயகன் கிடையாது. நாயகனின் கையைச் சரிசெய்யும் பெண்தான் கதை. முதல் அத்தியாயத்தில் அவன் பட்டறைக்கு வருகிறான், கையைக் கழற்றுகிறான், உள்ளேயிருந்து ஈர உறையை உருவி உதறுகிறான். அந்தப் பெண் கைக்குள் மூக்கை விட்டு மோந்து பார்க்கிறாள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்று உறை அக்கா வேலையை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கத்து மேசையில் பிளாஸ்டர் மாவில் அச்சு வார்க்கும் மாவுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கார்ட்டூனைப் பார்த்து அழுவுறே?"

"உங்க மாவு கண்ணுல பட்டுடுச்சு. போய் வேலையைப் பாருங்க."

வாசகர்கள் கொதித்துப்போனார்கள். வெல்டர் காட்டிக்கொடுத்த இணையப் பக்கத்தில் அவர்களின் கருத்துகளைத் தினமும் படித்து, இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் ஒப்பிப்பாள். ஒருவர் மூன்று அத்தியாயங்களிலும் வெடித்த கட்டடங்களை எண்ணிப் பூச்சியம் என்று அறிவித்திருந்தார். ஒரு ஸ்க்ரூவுக்குப் பன்னிரண்டு பக்கமா என்று ஒருவர். நாயகனின் முகத்தை முதுகு முழுக்கப் பச்சை குத்தியிருந்த ஒருவர், உறை உதறும் மனிதனை முதுகில் சுமக்க முடியாது, பதிப்பகம் பதில் சொல்லட்டும் என்று எழுதியிருந்தார். வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்: "இவங்கல்லாம் வேலைக்குப் போறதில்லையா?"

இரும்புக் கைக்கு எப்படி வியர்க்கும் என்று குரோம் மண்டை என்ற பெயரில் ஒருவர் கேட்டபோது உறை அக்காவால் பொறுக்க முடியவில்லை. ஒற்றை விரலால் தட்டினாள்: "கைக்கு வியர்க்காது தம்பி. கைக்குள்ள இருக்கிற கைக்கு வியர்க்கும்." நாற்பது பேர் அதற்குக் கீழே சிரிக்கும் முகம் போட்டார்கள். சரி, யாருக்கும் வலியில்லை என்று அவள் திருப்திப்பட்டாள்.

மூன்றாம் அத்தியாயம் ஒரு தபால்காரரால் அவளுக்கு முக்கியமாகிப் போனது. அவர் கதையில் வருபவர் இல்லை, அறைக்கு வருபவர். அவருக்குத் தோளோடு கை போயிருந்தது. பட்டை மாட்ட இடமில்லை, எப்படித் தைத்தாலும் சறுக்கும். எட்டு மாதமாக ஆறு விதமாகத் தைத்துப் பார்த்துவிட்டாள். மூன்றாம் அத்தியாயத்தின் கடைசிக் கட்டத்தில், தோளே இல்லாத ஒருவன் முன்னால் அந்தப் பட்டறைப் பெண் கையில் பட்டையோடு நிற்கிறாள். "இதை எங்கே மாட்டுவது?" அதோடு தொடரும் போட்டுவிட்டார்கள்.

"நாலாவதுல சொல்லிடுவா. அவளுக்குத் தெரியாம வரைஞ்சிருக்க மாட்டாங்க" என்றாள் உறை அக்கா.

"நாலாவது வந்தாத்தானே அக்கா? வாசகர் மார்க் சரியா வரலேன்னா மூணோட நிறுத்திடுவாங்களாம். சனிக்கிழமை வரைக்கும்தான் டைம்" என்றார் வெல்டர்.

அந்த வாரம் கைகளின் அறை வாக்குச்சாவடியாகிவிட்டது. கையை மாட்டியதும் போனை நீட்டுவாள். "இந்தக் கதையைப் படிச்சிட்டு உங்க போன்ல ஒரு நம்பர் போடுங்க. கட்டாயம் இல்லை, மனசுல பட்டதைப் போடுங்க." அவர்கள் படிப்பார்கள். உறை உதறும் இடம் வந்ததும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். பிறகு சுவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்று போடுவார்கள். ஒரு வரி எழுதவும் சொன்னாள். எழுதினார்கள்.

"ரொம்ப நல்லா பொருந்துது. எங்கேயும் உரசலை." பத்துக்கு ஒன்று.

"மூணு மணி நேரம் தொடர்ந்து வெச்சிருந்தேன். சிவக்கலை." பத்துக்கு ஒன்று.

"கழட்ட மனசே வரலை." பத்துக்கு ஒன்று.

இப்படி நாற்பத்தாறு பேர். நாற்பத்தேழாவது அவளே.

இணையப் பக்கம் ஆடிப்போயிற்று. கிளைக்கதையை வெறுத்தவர்கள் இத்தனை நாளும் பச்சையாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு நக்கலை அவர்கள் கண்டதில்லை. "சிவக்கலையாம்! செத்தேன்!" என்று ஒருவர். யாரோ ஒரு உறையைக் கம்பத்தில் ஏற்றிக் கொடியாக வரைந்து போட்டார்கள். உறை அக்கா அதை அலுவலக அறையில் பிரின்ட் எடுத்து வலிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். கடைசியில் உலகத்துக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

சனிக்கிழமை மதியம் குரோம் மண்டையிடமிருந்து தனிச் செய்தி வந்தது. "தலைவி, மாலை ஆறு மணியோடு இந்தக் குப்பைக்கு முடிவு. ஆறு மார்க் வேண்டும், நிற்பதோ நாலு புள்ளி ஆறு நாலில். எல்லாம் உங்கள் ஒற்றை மார்க் படையின் சாதனை. உங்கள் பாதம் தொடுகிறேன்."

தன் செயற்கைக் கையின் கேபிளை மாற்ற வந்திருந்த வெல்டரிடம் போனை நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். சுவரைப் பார்த்தார். இருக்கும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, வெளியில ஒண்ணுன்னா மட்டம். பத்துதான் உசத்தி."

"நீங்க என்ன போட்டீங்க?"

"ஒண்ணு. அந்த முகத்தைப் பார்த்துக்கிட்டே போட்டுட்டேன்."

மாவுக்காரர் சிரித்த சிரிப்பில் வார்த்துக்கொண்டிருந்த அச்சு உடைந்தது. உறை அக்கா மரப்பெட்டியிலிருந்து நோயாளிகளின் அட்டைகளை எடுத்தாள். மணி ஒன்றரை. போட்டவர்களே மாற்றிக்கொள்ளலாம், ஆறு மணி வரைக்கும்.

நாற்பத்தாறு பேருக்கும் இருபத்திரண்டு வருடமாகத் தான் சொல்லிக்கொடுத்ததைத் தலைகீழாகச் சொல்ல வேண்டியிருந்தது. மாவு அப்பிய விரல்களோடு மாவுக்காரர் எண்களை அழுத்திக் கொடுத்தார், அவள் பேசினாள்.

"பத்தா? எனக்கு ஒண்ணும் பண்ணலையே, நல்லாத்தானே இருக்கு" என்றார் ஒரு காவலாளி.

"நல்லா இருக்குன்னுதாங்க பத்து."

ஒரு சமையல்காரம்மா கேட்டாள்: "பத்துன்னு போட்டா வந்து கையைக் கழட்டிக்கிட்டுப் போயிட மாட்டீங்களே?"

"மாட்டேம்மா. உங்க கை உங்களுக்குத்தான்."

தபால்காரர்தான் படுத்தினார். "பொய் சொல்லச் சொல்றீங்களா? கதைக்கு ஒண்ணு. பட்டைக்கு வேணும்னா ஏழு போடறேன்."

"அந்தப் பட்டைக்காகத்தாங்க இவ்வளவு பாடும். அவ எங்க மாட்டறான்னு பார்க்க வேண்டாமா?"

மறுமுனையில் பெருமூச்சு. "சரி. பத்து. ஆனா மனசு ஒப்பலை."

வெல்டர் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தைத் தொட்டது. ஐந்தரை. நடுவில் குரோம் மண்டை "தலைவி, இது என்ன துரோகம்?" என்று எழுதினார். யாரும் அவருக்குப் பதில் போடவில்லை. ஆறு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது அட்டைகள் தீர்ந்துவிட்டன. திரையில் ஐந்து புள்ளி ஒன்பது எட்டு.

"எல்லாரும் மாத்திட்டாங்களா?" என்றார் மாவுக்காரர்.

"ஒருத்தர் பாக்கி" என்று வெல்டர் போனை அவளிடம் நீட்டினார்.

அவளுடைய ஒன்று அப்படியே இருந்தது. பக்கத்தில் அவள் எழுதியது: "இவள் கை தெரிந்தவள்." விரல் பத்துக்கு மேலே போய் நின்றது. ஒன்பதுக்கு நகர்ந்தது.

"ஒன்பது போட்டா போதாதா?"

"பத்தையே போடுங்க அக்கா. ஓரத்துல நிக்குது, ரிஸ்க் வேண்டாம். மூணு நிமிஷம்தான் இருக்கு."

அழுத்தினாள். எண் ஒருமுறை துடித்து ஆறு புள்ளி பூச்சியம் ஒன்று ஆனது. வெல்டர் கத்தினார். மாவுக்காரர் மேசையைத் தட்ட, வெள்ளைத் தூசி எழும்பியது.

உறை அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். பத்து போட்டவள், சட்டென்று தன் மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தின் வாரை அவிழ்த்துக் கழற்றினாள். தோலில் பதிந்திருந்த தடத்தைக் கட்டை விரலால் மெல்ல நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.