பக்கத்துக் கிணற்றில் சிவப்புத் தண்ணீர்

இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை தொடர்ந்து பொய்த்த சில வருடங்கள் இருந்தனவே, அப்போது நடந்தது இது. ஆம்பூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் செம்மண் நிலமும் ஒரு கிணறும் உண்டு. நான் ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குப் போவேன்; நிலத்தை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்வார் என்றால், சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கிணறு காய்ந்து கிடந்தால் மனுஷன் வேறு என்ன செய்வார்?

மழையின் போக்கே மாறிப்போயிருந்தது. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. வந்தால் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு ஓடையோடு ஓடிவிடும். செங்கல் சூளைக்காரர் ஒருவர் நிலத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "இந்த மழைக்கும் கெணத்துல தண்ணி நிக்கலன்னா குடுத்துட வேண்டியதுதான்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் அப்புறம் அது நிலமா, பள்ளம்தானே? எனக்குச் சோறே இறங்கவில்லை.

அந்தச் சமயம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தார். வயலில் ஓடும் மழைத்தண்ணீரை ஒரு குழிக்குத் திருப்பி, ஜல்லியும் மணலும் போட்டு வடிகட்டி, கிணற்றுக்குள் விடச் சொன்னார்.

"கெணத்துலர்ந்து தண்ணி எடுப்பாங்க. யாராவது ஊத்துவாங்களா?" என்று இவர் ஒரே கிண்டல். ஆனாலும் என் நச்சரிப்பு தாங்காமல் குழி வெட்டினார். வேர்க்கடலையும் விதைத்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. செக்கச்செவேல் என்று தண்ணீர் கிணற்றுக்குள் இறங்குவதைக் குடைகூடப் பிடிக்காமல் நின்று பார்த்தோம். நனைந்துகொண்டே இவர் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

மறுநாள் காலை கோயிலுக்குக் கிளம்பும் முன் போய்ப் பார்த்தால், கிணற்றில் வெறும் சேறு.

"இன்னாடி, உன் தண்ணி எங்க?" என்றார். நிலம் கைவிட்டுப் போனதாகவே நினைத்தேன்.

அப்போதுதான் பக்கத்து நிலத்து பாய் வேகமாக வந்தார். வரப்புத் தகராறில் அவருக்கும் எங்களுக்கும் பல வருடமாகப் பேச்சே கிடையாது. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணா, கொஞ்சம் வாணா. அக்கா, நீயும் வாக்கா."

அவருடைய கிணறும் எங்களுடையதைப் போலவே வருடக்கணக்கில் காய்ந்து கிடந்ததுதான். எட்டிப் பார்த்தேன். எங்கள் நிலத்துப் பக்கம் இருந்த பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சிவப்புத் தண்ணீர்!

"என் நிலம் களிமண்ணு. இந்தச் செவப்பு இங்க ஏது? இது உங்க தண்ணிணா" என்றார் பாய்.

யார் கண்ணுக்கும் தெரியாமல் பாறைக்குள் வழி தேடி, அத்தனை தண்ணீரும் ஒரே ராத்திரியில் அங்கே போயிருக்கிறது. இவர் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார்.

ஈரம் காய்ந்து கடலைச்செடி வாடத் தொடங்கியபோது, பாய் தன் இன்ஜினை ஓட்டி, வரப்பைத் தாண்டி ஓஸ் குழாய் போட்டு, முதலில் எங்கள் வயலுக்குத்தான் பாய்ச்சினார். "உனுக்குப் பாச்சிக்கினு குடு" என்று இவர் கூச்சப்பட்டதற்கு, "பேஜார் பண்ணாதணா, மடையைத் தொற" என்றார். அடுத்த மழைக்குள் அவர் நிலத்திலும் ஒரு குழி வெட்டினோம். இவர் நிலத்தைத் தரமாட்டேன் என்றதும் சூளைக்காரர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

மண்ணுக்கடியில் தண்ணீர் நடந்து போனதை நினைத்தால் இன்றும் பிரமிப்புதான். ஆனால் அன்று காலை பாய் மட்டும் பேசாமல் இருந்திருந்தால், அது எங்கள் தண்ணீர் என்று எங்களுக்கே தெரிந்திருக்காது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.