பாவாத்தாள் ஏறாத முன்படி

காரமடைக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்குள் நிற்கிற அந்தச் செங்கல் பங்களாவுக்கு இரண்டு படிக்கட்டு. வீட்டு எசமானி லட்சுமியம்மாளின் மாமனார் மில் வைத்திருந்தவர். மில்லுக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியரிடம், சீமையில் பெரிய மனுசர்கள் கிராமத்தில் கட்டிக்கொள்ளும் மாளிகையின் படத்தை வாங்கி அப்படியே கட்டிவிட்டார். புகைபோக்கிகூட உண்டு. நம் வெயிலுக்கு அதில் யார் நெருப்பு மூட்டுவது? புறா குடியிருக்கிறது. வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் ஏறி இறங்க, கொல்லைப்புறமான பொடக்காலியிலிருந்து சுவருக்குள்ளேயே ஒடுக்கமாக ஒரு பொடக்காலிப் படியும் படத்தில் இருந்தது. அதை மட்டும் எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வழக்கம் இங்கே முன்பே இருந்ததுதானே.

பாவாத்தாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கே வேலை. முன்னால் இருக்கிற தேக்குப் படியை மேலிருந்து துடைத்துக்கொண்டே இறங்குவாள். மறுபடி மேலே போக வேண்டுமென்றால் பொடக்காலியைச் சுற்றித்தான் போவாள். முன்படியில் இறங்கியிருக்கிறாள், ஏறியதில்லை.

இப்போது லட்சுமியம்மாளின் மகன் கிருபாசங்கர் பங்களாவை விருந்தாளிகள் தங்குகிற விடுதியாக்குகிறார். பொடக்காலிப் படியை இடித்துக் குளியலறை கட்ட ஆள் வந்தாயிற்று. பாவாத்தாள் போய் அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டாள். கிருபாசங்கர் ஓடி வந்தார்.

"ஏனுங்க பாவாத்தாக்கா, இனி முன்படியிலயே வந்து போலாமுங்க. யாரு வேண்டாம்ங்கறாங்க?"

"இதை இடிச்சுப்போட்டா வேற வழியில்லாம வரத்தான் வேணும் கண்ணு. அது வரச்சொன்னதாகுமா? இது இருக்கையிலயே அம்மணி ஒரு வார்த்தை கூப்பிடட்டும்."

"இதென்ன வம்பாப் போச்சு. அம்மா கூப்பிடலைன்னா?"

"அப்பறம் எனக்கு இங்க வேலையில்லீங்க. ஊட்டுக்குப் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சோறு கொண்டுவருகிற தூக்குப்போசியை எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

மாடியிலிருந்த லட்சுமியம்மாளுக்கு எல்லாம் கேட்டது. முன்படியின் கைப்பிடியைப் பிடித்து, முழங்காலை நொந்துகொண்டே இறங்கி, பொடக்காலிக்கு வந்து நின்றார்.

"வயசானா புத்தி வரும்பாங்க. உனக்குப் புடிவாதந்தான் வருது."

"உங்ககூட இருந்து வந்ததுங்க அம்மணி."

"எறங்கிப்போட்டேன். ஏற முடியாது. முன்படியில எங்கூட வா, கையப் புடிச்சுக்க."

"இந்தப் படி இருக்கையிலயே கூப்பிடறீங்களா?"

"கண்ணு தெரியுதில்ல? இருக்கையிலதான் கூப்பிடறேன்."

பாவாத்தாள் எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இரண்டு கிழவிகளும் தேக்குப் படியில் மெல்ல ஏறினார்கள்.

கீழே கொத்தனார் சம்மட்டியைத் தூக்கினார். பாதிப்படியில் நின்று பாவாத்தாள் குனிந்து பார்த்தாள்.

"பொறுங்க சாமி. நாங்க மேல போய்ச் சேந்துக்கறோம்."